உறவு என்ற கட்டம்

போயேதோவில் இது ஏழாவது வீடு.
எனக்கு முன்னால் பதினோரு பேர்,
ஒருத்தி கையில் பூனைக்கூடை.
பூனையை ஒளித்துவைக்கத் தெரியாதவளுக்கு
வீடு கிடைக்காது என்று
மற்றவர்கள் கொஞ்சம் நிம்மதியாய் நிற்கிறோம்.

வாசல் காவலர்
அழைப்புமணிகளின் பித்தளையைத் துடைக்கிறார்.
நாலாம் மாடிப் பொத்தானை மட்டும்
இரண்டு முறை.
அங்கேதான் காலி.

தரகுக்கடைப் பையன் லிசாந்த்ரோ
லிப்டில் மும்மூன்று பேராய் ஏற்றுகிறான்.
வெளிச்சம் உண்டு என்கிறான்.
உண்டுதான்,
சுவிட்சைப் போட்டால்.
சன்னலைத் திறந்தால் கட்டடத்தின் உள்கிணறு:
யாரோ வதக்கும் வெங்காயம்,
யாரோ தாழ்ப்பாள் போடும் ஓசை,
கொடியில் ஒற்றைக் காலுறை.

நான் கறை நீக்குகிறவள்.
ஹிகா அம்மாளின் சலவைக்கடையில்
இருபத்தாறு வருடம்.
ஒயினா, மசியா, ரத்தமா
துணியின் சொந்தக்காரர் பொய் சொல்லும்போதே
எனக்குத் தெரிந்துவிடும்.
படுக்கையறைக் கூரையின் மூலையில்
புதுச் சுண்ணாம்புக்கு அடியில்
மங்கலாய் ஒரு வட்டம்.
மேல்வீட்டுக் குழாய்.
அடுத்த மழைக்குத் திரும்பி வரும் என்று
உரக்கவே சொன்னேன்.
இரண்டு பேர் இறங்கிப் போனார்கள்.
எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

சம்பளச் சீட்டு மூன்று,
முன்பணம்,
நகர எல்லைக்குள் சொந்த வீடு உள்ள
ஒருவரின் ஜாமீன்.

என் அண்ணனுக்குச் சொந்த வீடு இருக்கிறது,
எல்லைச் சாலையைத் தாண்டி எட்டுத் தெரு.
எட்டுத் தெருவில் அண்ணன் செல்லாக்காசானான்.
ஹிகா அம்மாளுக்குக் கடையே வாடகை.
பல் மருத்துவரைக் கேட்டேன்.
சிரித்தார்.
நல்ல பற்கள்.

மிச்சம் இருந்தவன் ஓஸ்வல்தோ.
காபாயித்தோவில் மூன்றறை வீடு,
அம்மா விட்டுப்போன பணத்தில் வாங்கியது,
நான் விட்டுப்போன மறுவருடம்.

காப்பிக்கடைக்கு வந்தான்.
பத்திரத்தின் நகலை
பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தான்,
வெளியே மழையே இல்லை.
எத்தனையாவது மாடி என்றான்.
குளிர்காய்கிற அடுப்பின் சுடர்
மஞ்சளா நீலமா என்றான்.
பார்க்கவில்லை என்றேன்.
பார்த்துவிட்டுக் குடிபோ, மஞ்சள் என்றால் விஷக்காற்று.

நீ கட்டாவிட்டால்
என் வீட்டின்மேல் வந்து நிற்பார்கள், மிர்த்தா.
கட்டுவேன்.
தெரியும்.

பதினேழு வருடக் குடித்தனத்தில்
எதையும் இத்தனை சுருக்கமாய்
அவன் எனக்கு ஒப்புக்கொடுத்ததில்லை.

எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான்.
கடைசிப் பக்கத்தில் பேனா நின்றது.
'குடியிருப்பவருக்கும் ஜாமீன்தாரருக்கும் உள்ள உறவு.'
ஒன்றரை விரற்கடை நீளத்தில் ஒரு கட்டம்.
யோசித்தான். நானும்.
பரிமாறுகிற பெண் வந்து
வேறு ஏதாவது வேண்டுமா என்றாள்.
அதை நீயே எழுதிக்கொள் என்று தள்ளினான்.
அப்போதுதான் பார்த்தேன், அவன் சட்டைக்கையில் மசி.
எலுமிச்சை தேய்க்காதே, பரவும்.
ராத்திரி பாலில் ஊறவை.
சரி என்றான்.
காப்பிக்கு அவரவர் காசு அவரவர் வைத்தோம்.

மறுநாள் லிசாந்த்ரோ
தாள்களைப் புரட்டி
இந்தக் கட்டம் காலியாக இருக்கிறதே என்றான்.
காலியாக இருந்தால் வாடகைக்கு விடேன் என்றேன்.
அவனுக்குச் சிரிப்பு வரவில்லை,
வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார்.

எழுதினேன்: தெரிந்தவர்.

கொஞ்சம் யோசித்து
அதன்மேலேயே முத்திரையைக் குத்தினான்.
ஊதா மசி, எண்ணெய் கலந்தது.
வெந்நீருக்குப் போகாது,
பாலுக்கும் போகாது.
உலரும்வரை ஊதிக்கொண்டிருந்தேன்.